மயக்கத்தில் இருந்தவர் எப்படித் தேர்ந்தெடுத்திருப்பார்?

2020 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். நாங்கள் டெக்சாஸில், டாலஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். அமெரிக்காவுக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்ததால், ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் செல்பேசியில் காப்பீட்டு நிறுவனத்தின் செயலியைத் திறந்து, அருகிலுள்ள மருத்துவமனை நெட்வொர்க்கிற்குள், அதாவது அந்த நிறுவனத்தோடு விலை ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலுக்குள், இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கும் வந்துவிட்டிருந்தது. மருத்துவமனை நெட்வொர்க்கிற்குள்தான் இருந்தது. அப்பெண்டிக்ஸ் என்றார்கள், விடியும் முன்பே அறுவை சிகிச்சை முடிந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழு வாரம் கழித்து, ஊரே கதவடைத்துக் கிடந்த ஏப்ரல் மாதத்தில், நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு மயக்க மருத்துவர் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய கட்டணம் 3,740 டாலர். அதில் எங்கள் காப்பீடு கொடுத்தது 826. மீதி 2,914 டாலரை முப்பது நாளுக்குள் நாங்கள் செலுத்த வேண்டும்.

தொலைபேசியில் பேசிய பெண்மணி பொறுமையாகவே விளக்கினார். மருத்துவமனை நெட்வொர்க்கிற்குள் இருக்கிறது. அறுவை செய்தவரும் இருக்கிறார். மயக்க மருந்து கொடுத்தவர் இல்லை. "நீங்கள் நெட்வொர்க்கிற்குள் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்" என்று அவர் சொன்னதில் கிண்டல் ஏதும் இல்லை, எழுதி வைத்திருந்ததைத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன். இருந்தாலும், அதிகாலை நான்கு மணிக்கு மேசையில் கிடத்தப்பட்டு, முகத்தின் மேல் ஒரு முகமூடி இறங்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் யாரை எப்படித் தேர்ந்தெடுத்திருப்பார் என்று அவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் பின்னர் வந்த சட்டம் தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தார் என்றுதான் நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க மருத்துவமனை அப்படிப்பட்டதன்று. கட்டடமும் செவிலியரும் கருவிகளும் மருத்துவமனையுடையவை. அவசர சிகிச்சை மருத்துவர், மயக்க மருத்துவர், எக்ஸ்ரே படிப்பவர், திசுவைப் பரிசோதிப்பவர் ஆகியோர் பெரும்பாலும் தனித்தனிக் குழுக்களாக, தனித்தனி வணிகமாக, அங்கே வந்து வேலை செய்பவர்கள். டெக்சாஸில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு: பெரும்பாலான மருத்துவமனைகள் மருத்துவர்களை நேரடியாகச் சம்பளத்துக்கு அமர்த்தக் கூடாது என்பது இங்கே நெடுங்காலமாக இருந்துவரும் விதி. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தோடும் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் செய்தால் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கைம்மாறாக நோயாளிகள் அவர்களைத் தேடி வருவார்கள் என்பதே நெட்வொர்க் என்ற ஏற்பாட்டின் பேரம்.

சிக்கல் அந்தக் கைம்மாற்றில்தான் இருக்கிறது. தோல் மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ நாம் தேடிப் போகிறோம். அவர் நெட்வொர்க்கிற்கு வெளியே இருந்தால் வேறொருவரிடம் போய்விடுவோம் என்ற பயம் அவருக்கு உண்டு. மயக்க மருத்துவரை யாரும் தேடிப் போவதில்லை. அவர் ஒப்பந்தம் செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும் நோயாளி வந்துகொண்டேதான் இருப்பார். ஆகவே ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று, தான் வைத்ததே விலை என்று பில் அனுப்புவதில் அவருக்கு நட்டம் ஏதும் இல்லை. காப்பீடு கொடுத்தது போக மீதியை நோயாளியிடம் கேட்கும் இந்த வழக்கத்துக்கு பேலன்ஸ் பில்லிங் என்று பெயர். யேல் பல்கலைக்கழகத்தின் சாக் கூப்பர், ஃபியோனா ஸ்காட் மார்ட்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நெட்வொர்க்கிற்குள் இருந்த மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குச் சென்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு நெட்வொர்க்கிற்கு வெளியே இருந்த மருத்துவரே வந்து பார்த்தார் என்று தெரியவந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் நடப்பதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

எங்கள் மாநிலம் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு அதிகம் உறைத்தது. டெக்சாஸ் சட்டமன்றம் 2019இலேயே இத்தகைய பில்களுக்குத் தடை விதித்து, 2020 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கும் வந்திருந்தது. எங்கள் அறுவை சிகிச்சை நடந்ததோ அடுத்த மாதத்தில். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற தெம்போடு மாநிலக் காப்பீட்டுத் துறையை அழைத்தபோது, உங்கள் காப்பீட்டு அட்டையில், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டம் என்பதைக் காட்டும் டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

இதை எனக்குப் புரியும்படி சொன்னவன் என் சித்தி மகன். சென்னையில் இரவு முழுக்க விழித்திருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்துப் பணத்தை வசூலிக்கும் வேலையில், மெடிக்கல் பில்லிங் வட்டாரத்தில் ஏ.ஆர். காலிங் என்று சொல்வார்களே அதில், அவனுக்கு எட்டு ஆண்டு அனுபவம். நான் இந்த நாட்டில் வாழ்ந்து அறியாததை அவன் இந்த நாட்டுக்கு வராமலே அறிந்து வைத்திருந்தான். "அக்கா, அவசரப்பட்டுக் கட்டிடாதே. உன் இன்ஷூரன்ஸ் செல்ஃப் ஃபண்டடா இருக்கும், அதனால ஸ்டேட் சட்டம் உனக்குச் செல்லாது. ஆனா அவங்க கேக்கறது கடைசி விலை இல்ல, பேசிப் பாரு" என்றான். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் கையிலிருந்தே கொடுக்கின்றன. அட்டையில் அச்சாகியிருக்கும் காப்பீட்டு நிறுவனம் கணக்குப் பார்க்கும் கூலிக்காரர் மட்டுமே. அப்படிப்பட்ட திட்டங்களை எரிசா என்று அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தன் குடைக்குள் வைத்திருப்பதால், மாநிலங்களின் காப்பீட்டுச் சட்டம் அவற்றைத் தொட முடியாது. அலுவலகம் வழியாகக் காப்பீடு பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் குடைக்குள்தான் இருக்கிறார்கள். நியூயார்க், கலிஃபோர்னியா, டெக்சாஸ் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தும் குறை தீராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் 1,200 டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள்; மாதம் 200 வீதம் ஆறு தவணையில் கட்டினோம். பேரம் பேசி வென்றுவிட்டதாக ஒரு வாரம் பெருமையாகக்கூட இருந்தது. சட்டப்படி எங்களைத் தொட முடிந்த கடனா இது, பாதிக்கும் கீழே இறக்க முடிகிற தொகையை ஏன் முதலில் கேட்டார்கள் என்றெல்லாம் அதன் பிறகுதான் யோசித்தேன்.

வாஷிங்டனில் இதற்குள் இரண்டு ஆண்டுச் சண்டை நடந்து முடிந்திருந்தது. நோயாளியை விட்டுவிட வேண்டும் என்பதில் இரு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படி விட்டுவிட்டால் மீதியை யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் மல்லுக்கட்டு. அந்தந்தப் பகுதியில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒப்பந்த விலையின் நடுமதிப்பையே கொடுத்தால் போதும் என்று காப்பீட்டு நிறுவனங்களும் பெருநிறுவன முதலாளிகளும் கேட்டார்கள். நடுவரிடம் போக வேண்டும் என்று மருத்துவர் சங்கங்களும் மருத்துவமனைகளும் கேட்டன. 2019 கோடையில் டாக்டர் பேஷண்ட் யூனிட்டி என்ற பெயரில், யார் பின்னால் இருக்கிறார்கள் என்று சொல்லாமல், இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடின. டீம்ஹெல்த், என்விஷன் என்ற இரு பெரும் மருத்துவர் பணியமர்த்தல் நிறுவனங்களே அதற்குப் பெரும்பணம் கொடுத்தவை என்பது அந்த செப்டம்பரில் வெளியானது. முதலாவது பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் இரண்டாவது கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் சொந்தமாக இருந்தவை. அதாவது, வெள்ளை அங்கியணிந்த மருத்துவர் விளம்பரத்தில் உருக்கமாகப் பேச, பணம் வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் செனட்டர் லமார் அலெக்சாண்டரும் பிரதிநிதிகள் அவையின் ஃபிராங்க் பல்லோனும் கிரெக் வால்டனும் கட்சி கடந்து எட்டிய உடன்பாடு, வேறொரு குழுவின் தலைவரான ரிச்சர்ட் நீல் தனக்கென ஒரு மாற்று யோசனையைக் கொண்டுவந்ததும் கரைந்துபோனது.

சரியாக ஓராண்டு கழித்து, 5,593 பக்கம் கொண்ட செலவின, கொரோனா நிவாரண மசோதாவுக்குள் அதே கருத்து மறுபடி நுழைந்தது. 2020 டிசம்பர் 27 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் என்பது அதன் பெயர். அமெரிக்கச் சட்டங்களின் பெயர்களில் இவ்வளவு வெளிப்படையான ஒன்றை நான் கண்டதில்லை.

சட்டத்தின் உள்ளடக்கத்தை வழக்கறிஞர் போல விரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது நிற்கும் இடத்தைச் சொல்ல முடியும். அவசர சிகிச்சை என்றால், மருத்துவமனையும் மருத்துவரும் நெட்வொர்க்கிற்கு வெளியே இருந்தாலும் நோயாளி கொடுக்க வேண்டியது நெட்வொர்க்கிற்குள் இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய பங்கு மட்டுமே. அது அவசரமா இல்லையா என்பதைப் பின்னால் தெரியவந்த நோயின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. சாதாரணப் பகுத்தறிவுள்ள ஒருவர் அந்த அறிகுறிகளைக் கண்டு அஞ்சியிருப்பாரா என்பதே அளவுகோல். நெஞ்சு வலி என்று ஓடி, வாயுப் பிடிப்பு என்று திரும்பி வந்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. அவசரமில்லாத சிகிச்சைக்கு நெட்வொர்க்கிற்குள் இருக்கும் மருத்துவமனைக்குப் போய், அங்கே நமக்குத் தெரியாமல் வெளியாள் ஒருவர் வந்து கவனித்தாலும் அதே விதிதான். விமான, ஹெலிகாப்டர் ஆம்புலன்சுகளும் இதற்குள் வந்துவிட்டன. மாநிலங்களால் அதுவரை அவற்றைத் தொடவே முடிந்ததில்லை, ஏனென்றால் பயணிகள் விமானக் கட்டணத்துக்காக 1978இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், குற்றுயிராய்க் கிடப்பவரைத் தூக்கிச் செல்லும் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் கருதின.

நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியது. நாமே விரும்பி ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் வெளி மருத்துவரிடம் போகிறோம் என்றால், 72 மணி நேரத்துக்கு முன்பே மதிப்பீட்டுத் தொகையோடு அறிவிப்புக் கொடுத்து, நம் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்று, அவர் முழுக் கட்டணத்தைக் கேட்கலாம். ஆனால் மயக்க மருத்துவர், கதிரியக்க மருத்துவர், நோய்க்கூறியல் மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர், அறுவை உதவியாளர் போன்றோருக்கு அந்த வழியே கிடையாது. நாம் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் செல்லாது. தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில் வாங்கப்படும் சம்மதம் சம்மதமாகாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் நான் கேட்ட கேள்விக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த பதிலாக இதை எடுத்துக்கொண்டேன்.

நோயாளி விலகிக்கொண்ட பிறகு மற்ற இருவரும் மோதிக்கொள்ள ஒரு களம் வேண்டுமே. காப்பீட்டு நிறுவனம் முப்பது நாளுக்குள் ஏதோ ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். மருத்துவருக்கு அது போதாவிட்டால் முப்பது வேலை நாள் பேச்சுவார்த்தை. அதிலும் தீராவிட்டால் நடுவர். இரு தரப்பும் ஆளுக்கொரு தொகையை எழுதிக் கொடுக்க, நடுவர் இரண்டில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவே ஒரு தொகையைத் தானாகச் சொல்ல முடியாது. அளவுக்கு மீறிக் கேட்டால் எதிராளியின் தொகை வென்றுவிடும் என்ற அச்சம் இருவரையும் நியாயத்தின் பக்கம் இழுக்கும் என்பது எதிர்பார்ப்பு. தோற்றவர் நடுவரின் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும்.

எதிர்பார்ப்பு ஒன்று, நடந்தது வேறொன்று. அரசு ஆண்டுக்கு இருபதாயிரத்தை ஒட்டிய வழக்குகளைத்தான் கணக்கிட்டிருந்தது. 2022 ஏப்ரலில் நடுவர் வழக்குகளுக்கான இணையதளம் திறந்த முதல் ஓராண்டிலேயே 3,30,000க்கு மேல் வந்து குவிந்தன. நடுவர் எதற்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதிலும் வழக்கு மூண்டது. 2019 ஜனவரி 31 அன்று இருந்த ஒப்பந்த விலைகளின் நடுமதிப்பை எடுத்து, விலைவாசி உயர்வைச் சேர்த்து வரும் தொகையை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று அரசு விதி வகுத்தது. சட்டத்தில் அப்படி எழுதப்படவில்லை என்று டெக்சாஸ் மருத்துவச் சங்கம் எதிர்த்தது. டாலஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள டைலர் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜெரமி கெர்னோடில் 2022 பிப்ரவரியில் அந்த விதியைத் தள்ளுபடி செய்தார். திருத்தி எழுதியதையும் பிறகு தள்ளினார். நடுவர் ஏற்பாடே இடையிடையே நிறுத்தி வைக்கப்பட்டது. 2023இன் முதல் பாதியில் தீர்ப்பான வழக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மருத்துவர் தரப்பே வென்றது. வென்ற பணம் வானத்திலிருந்து விழாது. அது நாளைய பிரீமியத்தில் எல்லோர் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்படும். இதைச் சொல்லிச் சட்டம் தோற்றுவிட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கறிஞரும் கணக்கரும் வைத்திருக்கும் இருவர் மோதிக்கொள்வதை, தையல் பிரிக்காத வயிற்றோடு ஒருவர் தொலைபேசியில் மோதுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

2023 அக்டோபரில் எங்கள் மகன் பள்ளி விளையாட்டு மைதானத்தில் விழுந்து முழங்கை எலும்பை முறித்துக்கொண்டான். மறுபடி அதே போன்றதொரு மருத்துவமனை, மறுபடி மயக்க மருந்து, மறுபடி நெட்வொர்க்கிற்கு வெளியே ஒரு குழு. சேர்க்கை மேசையில் ஒரு கைக்கணினியை நீட்டி வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். எதிர்பாராத பில்களுக்கு எதிரான உங்கள் உரிமைகள் என்று ஒரு பக்கம் அதில் இருந்ததை, மற்ற பக்கங்களைப் போலவே படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு, இரவு அவன் தூங்கிய பின் படித்தேன். ஆறு வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஈ.ஓ.பி. என்ற விளக்கத்தாள் வந்தது. மயக்க மருத்துவர் கேட்டது 4,100 டாலர். கணக்கில் எடுத்துக்கொண்டது 930. அதில் எங்கள் இருபது விழுக்காடு 186. இதற்கு மேல் அவர் உங்களிடம் கேட்க முடியாது என்று கீழே ஒரு வரி. பின்னாலேயே வந்த பில்லிலும் 186தான் இருந்தது. யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. சித்தி மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இப்ப எங்க வேலையெல்லாம் அந்த நடுவர் போர்ட்டல்லதான் அக்கா ஓடுது" என்று எழுதியிருந்தான்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்காக நாம் வாங்கும் வருகையாளர் காப்பீடு இந்தச் சட்டம் ஆளும் காப்பீட்டு வகையில் சேராது. அதனால் மேலே சொன்ன பாதுகாப்பை நம்பி அவர்களை அழைத்துச் செல்லக் கூடாது. ஆனால் காப்பீடு இல்லாதவருக்கும், தன் கையிலிருந்து கொடுப்பவருக்கும் சட்டத்தில் வேறொரு கதவு இருக்கிறது: முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு எழுத்தில் ஒரு நல்லெண்ண மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். ஒரு மருத்துவரோ மருத்துவமனையோ அனுப்பும் இறுதி பில் அந்த மதிப்பீட்டை 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால், பில் கிடைத்த 120 நாளுக்குள் 25 டாலர் கட்டணம் செலுத்தி முறையிடலாம். கண்புரை அறுவைக்கோ பல பரிசோதனைகளுக்கோ அழைத்துச் செல்பவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. நள்ளிரவு அவசரத்துக்கு அது உதவாது.

மகன் விஷயத்தில் இன்னொரு பில்லும் வந்தது. பள்ளியிலிருந்து மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றது ஆம்புலன்ஸ். பள்ளி அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தது, வந்தது வந்தது. எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்க அவனுக்கும் வாய்ப்பில்லை, அலுவலகத்தில் இருந்த எனக்கும் வாய்ப்பில்லை. வானில் பறக்கும் ஆம்புலன்சைச் சேர்த்துக்கொண்ட சட்டம், சாலையில் ஓடுவதை விட்டுவிட்டது. பல ஊர்களில் அந்த வண்டிகளை நகராட்சியும் தீயணைப்புத் துறையும் நடத்துகின்றன. கட்டணத்தைத் தொட்டால் உள்ளூர் வரவு செலவில் துண்டு விழும் என்று அஞ்சி, ஆராய்ந்து சொல்ல ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்ததோடு நாடாளுமன்றம் நிறுத்திக்கொண்டது. நோயாளியின் பங்குக்கு ஒரு சிறு உச்சவரம்பு வைக்கலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தும் இதுவரை கூட்டாட்சிச் சட்டம் எதுவும் வரவில்லை. 2024 ஜனவரியில் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் தங்கள் அளவில் தடையைக் கொண்டுவந்தன. அது எங்களுக்கு மூன்று மாதம் பிந்தியது. பிந்தாமல் வந்திருந்தாலும், எங்கள் அட்டையில் அந்த எழுத்துகள் இன்னும் இல்லை.

ஆம்புலன்ஸ் பில்லில் காப்பீடு கொடுத்தது போக மீதி 1,180 டாலர். பள்ளியிலிருந்து மருத்துவமனை நான்கு மைல். இந்த முறை பேரம் பேசவில்லை. இரண்டு தவணையில் கட்டிவிட்டு, இரண்டு ரசீதையும் அந்த 186 டாலர் ரசீதோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.